அசையாமல் படுங்கள்

கண்ணைத் திறக்கக் கூடாது. திறந்தால் முகத்துக்கு மேல் மாட்டியிருக்கிற கூண்டு தெரியும், கூண்டுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் வெள்ளைக் கூரை தெரியும், அப்புறம் மூச்சு முட்டும். ஷெரின் என்கிற அந்தப் பெண், நாகர்கோவில் பேச்சு, போர்வையைக் கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டே அதைத்தான் சொன்னாள். "கண்ணை மூடிக்கிடுங்க மேடம். நல்ல விஷயமா எதையாவது நெனச்சுக்கிடுங்க. அசையாம மட்டும் படுங்க. தலை லேசா அசைஞ்சாக்கூட படம் கலங்கிரும்." சொல்லிவிட்டு என் வலது கையில் ஒரு ரப்பர் பந்தைத் திணித்தாள். முடியவில்லை என்றால் அதை அமுக்க வேண்டும், வெளியே மணி அடிக்கும், நிறுத்திவிட்டு வருவார்கள். காதில் பஞ்சு, பஞ்சுக்கு மேல் ஹெட்போன், அதையும் தாண்டிக்கொண்டு வருகிறது சத்தம், தகரக் கூரையில் யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல, கொஞ்ச நேரம் நிற்கிறது, பிறகு வேறு தாளத்தில் ஆரம்பிக்கிறது. நல்ல விஷயம். என்ன நல்ல விஷயம்? காலையில் மெட்டி கழலவில்லை, ஷெரின்தான் சோப்பு போட்டு உருட்டி எடுத்தாள். வெள்ளியைக் காந்தம் இழுக்காதே அம்மா என்று வாய்வரை வந்தது, சொல்லவில்லை. தாலிச் செயினைக் கழற்றி அவர் கையில் கொடுத்தபோது அவர் அதைச் சட்டைப் பையில் போடவும் மாட்டாமல் கையில் வைத்திருக்கவும் மாட்டாமல் நின்றாரே, அது நல்ல விஷயமா? வேண்டாம். உலகம்மை, பெண், ஐம்பத்துமூன்று, தலை ஸ்கேன் என்று வெளியே கணினியில் தட்டினார்கள். என்ன தொழில் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால், காலேஜில் இயற்பியல் நடத்துகிறேன், இந்த மிஷின் எப்படி வேலை செய்கிறது என்று கரும்பலகையில் எழுதிக்காட்டுவேன், இருந்தாலும் எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லியிருப்பேன்.

அசையாமல் படுங்கள். அசையாமல் எதுவும் இருக்க முடியாது என்று வருஷா வருஷம் பாடம் நடத்துகிறவளிடம் இதைச் சொல்கிறாள். இந்த உருளையின் சுவருக்குள், என் காதிலிருந்து ஒரு முழ தூரத்தில், திரவ ஹீலியம் இருக்கிறது. காந்தத்தைக் குளிர்விப்பதற்காக. உலகத்தில் மற்றதெல்லாம் குளிரக் குளிர உறைந்துபோகும், தண்ணீர் உறையும், பாதரசம் உறையும், காற்றே உறையும். ஹீலியத்தை எவ்வளவு குளிர்வித்தாலும், நாமாகப் பிடித்து நசுக்கினால் ஒழிய, உறையாது. ஏன் உறையாது ஜன்னத் சொல்லு, என்று முன் பெஞ்சுப் பெண்ணைக் கேட்பேன், ஏன்னா அது ஒரே இடத்துல நிக்க முடியாது மேம், என்பாள். அவ்வளவுதான் விஷயம். இங்கே இருக்கிறேன் என்று ஒரு துகள் உறுதியாகச் சொல்லிவிட்டால் அதன் வேகம் உறுதியில்லாமல் போய்விடும், இங்கேயும் இருந்து அசையாமலும் இருப்பது என்பது இயற்கையில் யாருக்கும் கிடைக்காத சலுகை. எல்லாச் சூட்டையும் பிடுங்கிக்கொண்டாலும் கடைசியில் ஒரு நடுக்கம் பாக்கி இருக்கும். துகளே இல்லாத வெற்றிடத்தில்கூட அந்த நடுக்கம் இருக்கிறது. இரண்டு உலோகத் தகடுகளை வெற்றிடத்தில் மிக மிக நெருக்கமாக எதிரெதிரே நிறுத்தினால், தள்ளுவதற்கு யாரும் இல்லாமலே அவை ஒன்றையொன்று நோக்கி நகரும். இதை ஒருநாள் சாப்பிடும்போது அவரிடம் சொன்னேன். அவருக்குப் பாத்திரக் கடை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "நம்ம கடையில தட்டெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிடுதே, அதுவும் இதானா?" என்றார். அது எண்ணெய்ப் பிசுக்கு என்றேன். அம்பலவாணன் பாத்திரக் கடையில் வெற்றிடம் கிடையாது என்று சொல்லிச் சிரித்தோம். சிரிக்காதே, இப்போது சிரித்தால் கன்னம் அசையும். கன்னம் அசைந்தால் தலை அசையும். சத்தம் மாறிவிட்டது, இப்போது தொடர்ச்சியாக ஒரு உறுமல், படுக்கையே அதிர்கிறது. படுக்கை அசையலாம், நான் அசையக் கூடாது. விழுங்கலாமா? எச்சில் சேருகிறது. விழுங்கலாமா என்று கேட்டிருக்க வேண்டும்.

அன்றைக்கும் இதைத்தான் நடத்திக்கொண்டிருந்தேன். வெற்றிடத்தின் ஆற்றல். கணக்குப் போட்டால் வெற்றிடத்தில் இவ்வளவு ஆற்றல் இருக்க வேண்டும் என்று ஒரு விடை வருகிறது, வானத்தை அளந்து பார்த்தால் வேறு விடை வருகிறது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எழுத ஒன்றுக்குப் பின்னால் நூற்றிருபது சுழி போட வேண்டும். நான் எப்போதும் அத்தனையையும் போடுவேன். பலகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, அடுத்த வரி, அதற்கடுத்த வரி, பிள்ளைகள் முதலில் சிரிப்பார்கள், பிறகு சிரிப்பு நின்றுவிடும், அந்த அமைதிக்காகத்தான் போடுவேன். போட்டுவிட்டுத் திரும்பினேன். இதற்கெல்லாம் அடிப்படை என்ன என்று ஆரம்பித்தேன். சொல் இல்லை. வழக்கமாக நடத்துகிற பாடத்தின் தலைப்பே அந்தச் சொல்தான், அது இல்லை. மறதி என்றால் நாக்கு நுனிவரை வந்து நிற்கும், முதல் எழுத்தாவது தெரியும், நீளமா குட்டையா என்று தெரியும். இது அப்படி இல்லை. அது இருந்த இடமே இல்லை. பெண்களுடைய முகங்கள் தெரிந்தன, ஜன்னலில் வேப்பமரம் தெரிந்தது, மின்விசிறி சுற்றியது, நான் மட்டும் அங்கே இல்லை. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. "நிச்சயமின்மை, மேம்," என்று ஜன்னத் மெதுவாகச் சொன்னாள். அவள் குரலில் இரக்கம் இருந்தது. அதுதான் முதலில் பயமுறுத்தியது. தூக்கம் சரியில்லை, வெயில், வயசு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த வாரம் கடைக்குப் போயிருந்தபோது ஒரு அம்மாள் மாவு சலிக்கிற அதைக் காட்டு என்றாள், அவர் பரணுக்குப் போட்ட ஏணியில் நின்றுகொண்டிருந்தார், "உலகு, சின்னதா பெருசான்னு கேளு" என்றார், நான் அதைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நிற்கிறேன், வட்டமாக இருக்கிறது, கம்பி வலை இருக்கிறது, வலைக்கு அந்தப் பக்கம் என் விரல் தெரிகிறது, பெயர் தெரியவில்லை. பாத்திரக் கடைக்காரர் பெண்டாட்டிக்குச் சல்லடை என்கிற சொல் இல்லாமல் போய்விட்டது. "இது என்னதுங்க?" என்று கேட்டேன். விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஏணியிலிருந்து இறங்கினார். இறங்கியவர் அதற்குப் பிறகு என்னைத் தனியாக விடவே இல்லை.

அவருக்கு என் கூடப்பிறந்த மரகதக்கா ஞாபகம் வந்திருக்கும். எனக்கு வந்தது. அக்காவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. சீப்பைக் கொண்டா என்பதற்குப் பதில் கரண்டியைக் கொண்டா என்றாள், எல்லோரும் சிரித்தோம், அவளும் சிரித்தாள். பிறகு ஒருநாள் தன் பேரன் பெயரைச் சொல்லாமல், இங்க வா இவனே, இங்க வா இவனே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். தலையைப் படம் எடுத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அக்கா போகவில்லை. கொலு முடியட்டும் என்றாள், பொங்கல் முடியட்டும் என்றாள். பாளையங்கோட்டையிலிருந்து நான் வண்டி வைத்துக்கொண்டு போய் வாசலில் நின்ற அன்று கட்டிலைவிட்டு இறங்கவே மாட்டேன் என்றாள். "பாத்தாத்தானே உலகு இருக்கும். பாக்காட்டா என்ன இருக்கு? ஒண்ணும் இல்லை." அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு தந்திரம் இருந்தது, சீட்டாட்டத்தில் ஜெயித்தவள் மாதிரி. கடைசியில் நினைவில்லாமல் விழுந்த பிறகு தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்தபோது இடது பக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி இருந்தது. பாக்காட்டா என்ன இருக்கு. அக்கா எட்டாம் வகுப்புவரை படித்தவள், குவாண்டம் என்ற சொல்லைக் கேள்விப்பட்டதே இல்லை, ஆனால் என் மாணவிகளில் பாதிப் பேர் பரீட்சையில் அதையேதான் எழுதுகிறார்கள், பார்க்கும்வரை எதுவும் முடிவாகாது என்று, நானும் சிவப்பு மையில் சுழித்து, எலக்ட்ரானுக்குச் சரி, எல்லாவற்றுக்கும் அல்ல என்று எழுதுகிறேன். ஆனால் இப்போது, இந்த உறுமலுக்கு நடுவில், எனக்கும் அது சரி என்றே படுகிறது. இந்த நிமிஷம்வரை என் தலைக்குள் இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. என் தலையில் உள்ள தண்ணீரின் புரோட்டான்களை இந்தக் காந்தம் வரிசையில் நிறுத்துகிறது, ரேடியோ அலை தட்டிச் சாய்க்கிறது, அவை திரும்ப எழும்போது முனகுகின்றன, அந்த முனகலைக் கேட்டுத்தான் படம் வரைகிறது. ஒவ்வொரு முனகலாக, ஒவ்வொரு வரியாக, முடிவாகிக்கொண்டே வருகிறது. நிறுத்தினால்? பாதியில் நிறுத்திவிட்டால்? படம் முழுதாகாவிட்டால் அது இருக்க வேண்டிய கட்டாயம் இல்லையே? வீட்டுக்குப் போய்விடலாம், சாயங்காலம் ரசம் வைக்கலாம், சொற்கள் சிலது இல்லாமல் வாழலாம், வாழ முடியாதா என்ன.

மூக்கு அரிக்கிறது. நினைக்காதே. வேறு எதையாவது. வெற்றிடத்தைப் பற்றி இன்னொன்று உண்டு, பாடத்திட்டத்தில் இல்லாதது, வகுப்பில் தூக்கம் தெளிவதற்காகச் சொல்வேன். நாம் இருக்கிற இந்த வெற்றிடம்தான் அடிமட்டம் என்று யார் சொன்னது? இதற்கும் கீழே ஒரு மட்டம் இருக்கலாம். இருந்தால் என்றைக்காவது, எங்கேயாவது, காரணமே இல்லாமல், ஒரு புள்ளியில் அது நழுவிக் கீழே விழலாம். விழுந்தால் ஒரு குமிழி. கண்ணுக்குத் தெரியாத குமிழி, ஒளியின் வேகத்தில் பெருகும், அது தொட்ட இடத்தில் ஓர் அணுகூட அணுவாக இருக்காது. அது வருவது நமக்குத் தெரியவே தெரியாது, அதனால் பயப்படாதீங்க என்று சொல்லி நான் சிரிப்பேன். ஜன்னத் அன்றிரவு தூங்கவில்லையாம். மறுநாள் வந்து, "நடக்கணும்னு இல்லல்ல மேம்?" என்றாள். நடக்கணும்னு இல்லம்மா, அப்படி ஒண்ணு இருக்கான்னே தெரியாது என்றேன். எனக்கு அப்போது அவள் பயம் வேடிக்கையாக இருந்தது. ஒரு புள்ளியில் நழுவும். காரணமே இல்லாமல். பிறகு பெருகும். தொட்ட இடத்தில் சொல் சொல்லாக இருக்காது. இடது காதுக்கு மேலே இப்போது சூடாக இருக்கிறதே, அங்கேதானா? இந்த மிஷின் சூடு உண்டாக்கும், அது எனக்குத் தெரியும், ஆனால் வலது பக்கம் சூடாக இல்லையே. எலுமிச்சம்பழம். எலுமிச்சம்பழம் தெரிகிறது, பெயர் தெரிகிறது. கரண்டி, சீப்பு, சல்லடை. இது, இது என்ன, கையில் இருப்பது, ரப்பர், உருண்டையாக, அமுக்கினால் மணி அடிக்கும், இது, இதற்குப் பெயர், சின்னப் பிள்ளைகள் விளையாடுவது, ஐயோ, எறிந்து பிடிப்பது, கண்ணைத் திறந்துவிட்டேன், கூண்டு, கூரை மூக்கின் மேல் இறங்குகிறது, காற்று இல்லை, அமுக்கினேன், அமுக்கினேன், விடாமல் அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

உறுமல் நின்றது. படுக்கை வெளியே நகர்ந்தது. ஷெரின் ஓடிவந்து கூண்டைக் கழற்றினாள்.

"ஒண்ணுமில்ல மேடம், ஒண்ணுமில்ல. மூச்சு விடுங்க."

"பந்து," என்றேன்.

"என்ன மேடம்?"

"பந்து. இதுக்குப் பேரு பந்து."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். எனக்கு உடம்பு முழுவதும் வேர்த்திருந்தது. எழுந்து உட்கார்ந்து, போதும், நான் வீட்டுக்குப் போகிறேன் என்றேன். ஷெரின் என் முதுகில் கை வைத்தபடி, கொஞ்சம் தயங்கி, "இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு மேடம். டாக்டர் இப்பதான் பாத்தாரு. ஒரு ஊசி போட்டு மறுபடி எடுக்கணும்னு சொல்லுதாரு," என்றாள்.

"எதுக்கு ஊசி?"

"சாயம் மாதிரி ஒரு மருந்து. ரத்தத்துல போகும். படம் இன்னும் தெளிவாத் தெரியும்."

"எது தெளிவாத் தெரியும்? என்ன தெரிஞ்சுது?"

"எனக்குத் தெரியாது மேடம். டாக்டர்தான் சொல்லணும்." அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். பாவம், பொய் சொல்லிப் பழக்கமில்லாத பெண்.

அவரைக் கூப்பிடு என்றேன். சாவி, செல்போன், பெல்ட் எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட்டு, வேட்டியைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். பெல்ட் இல்லாமல் அவரைப் பார்க்க யாரோ மாதிரி இருந்தது.

"என்ன செய்யுது உலகு?"

"நான் வேண்டாங்கேன். போவோம். இன்னொரு நாள் வருவோம்."

"சரி," என்றார். அவர் சரி என்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வாதாடுவார், டாக்டரைக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். "வண்டியை எடுக்கட்டுமா? இன்னொரு நாள் வருவோம். கொலு முடியட்டும்," என்றார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. வாய் திறந்தபடி அப்படியே நின்றார். அவர் வேண்டுமென்று சொல்லவில்லை. அவருக்கும் இந்த அறையைவிட்டு ஓட வேண்டும், அவருக்கும் பார்க்க வேண்டாம், அவ்வளவுதான். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ அடங்கியது. என் தலை எலக்ட்ரான் இல்லை. சூடாக, ஈரமாக, ஒன்றரைக் கிலோ எடை. அதற்குள் ஒன்று இருந்தால் பக்கத்து நரம்பு அதைத் தொட்டுவிட்டது, ரத்தம் அதைச் சுற்றிக்கொண்டு போகிறது. நான் பார்க்காவிட்டாலும் என் ரத்தம் பார்த்துவிட்டது. முடிவாகாமல் எதுவும் மிச்சம் இல்லை, எனக்குத் தெரியாதது மட்டும்தான் மிச்சம். இதையே நான் எத்தனை பரீட்சைத் தாளில் சுழித்திருக்கிறேன்.

"நீங்க உள்ள நில்லுங்க," என்றேன். "காலைப் பிடிச்சுக்கிடுங்க."

"நிக்கலாமா?" என்று ஷெரினைக் கேட்டார். நிக்கலாம் சார், காதுல பஞ்சு வச்சுக்கிடுங்க என்றாள்.

ஊசி ஏறும்போது கை வழியாக ஒரு குளிர் மேலே போனது. மறுபடி கூண்டு, மறுபடி உள்ளே. இந்தத் தடவை கண்ணை மூடவில்லை, மூடினால் சொற்களை எண்ணத் தொடங்கிவிடுவேன். கூரையில் ஒரு கீறல் இருந்தது, அதையே பார்த்தேன். பயம் போகவில்லை. பயம் அங்கேயேதான் இருந்தது, நாக்குக்கு அடியில், முழங்காலுக்குப் பின்னால், இந்தச் சாயம் இப்போது எங்கே போய்த் தேங்குகிறதோ என்று ஒவ்வொரு துடிப்பும் கேட்டது. ஆனால் என் இரண்டு பாதங்களையும் அவர் கைகள் பிடித்திருந்தன. கைகள் நடுங்கின. வெண்கல அண்டாவைத் தனியாளாகத் தூக்குகிற கைகள், பட்டாசுக்குக்கூட அசையாத கைகள். அந்த நடுக்கம் கால் வழியாக ஏறி இடுப்புவரை வந்தது, கழுத்துக்கு வந்துவிடுமோ, படம் கலங்கிவிடுமோ, விடுங்க என்று சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை. விட்டுவிட்டால் நான் இந்த உருளைக்குள் எங்கேயும் இல்லாமல் போய்விடுவேன் என்று இருந்தது. கழுத்துக்கு மேல் கல்லாக, கழுத்துக்குக் கீழ் அவருடைய நடுக்கமாக, அது முடிகிறவரை கிடந்தேன்.

டாக்டர் இக்னேஷியஸ் சின்ன வயசுக்காரர். எங்களை உட்காரவைத்துவிட்டுத் திரையைத் தன் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார். எனக்குக் காட்டுங்கள் என்றேன். டாக்டர் இவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திருப்பினார். சாம்பல் நிறத்தில் என் தலை. நடுவில் பட்டாம்பூச்சி மாதிரி கறுப்பு, அது வெறும் நீர் நிற்கிற இடம், எல்லோருக்கும் இருப்பது. இடது பக்கம் ஓரமாக ஒரு வெள்ளை. பச்சைப் பட்டாணி அளவு.

"இது நல்ல ரகமா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்," என்றார். "மெதுவா வளர்ற ரகம். ஆனா எடுத்து டெஸ்ட் பண்ணாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். சீக்கிரம் வந்துட்டீங்க, அது பெரிய விஷயம். பேச்சுக்கு உள்ள ஏரியாவுக்குப் பக்கத்துல இருக்கு, அதான் வார்த்தை தடுக்குது. சர்ஜன் பாத்து முடிவு பண்ணுவாரு. சில பேருக்கு மயக்கம் முழுசாக் குடுக்காம, பேச வச்சுக்கிட்டே செய்வாங்க. பேச்சு தடுக்குனா அந்த இடத்தைத் தொடாம விட்டுருவாங்க."

"தலையைத் திறந்து வச்சுக்கிட்டா?" என்றார் இவர்.

"வலிக்காது சார். மூளைக்கு வலி தெரியாது."

"என்ன பேசணும்?" என்று கேட்டேன்.

"எது வேணும்னாலும். உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச விஷயமா இருந்தா நல்லது. நிறுத்தாமப் பேசணும், அவ்வளவுதான்."

வண்டியில் ஏறி வீட்டுக்குக் கிளம்பினோம். ஆற்றுப் பாலத்தில் முன்னால் ஏதோ லாரி நின்றுவிட்டது, எல்லா வண்டியும் நின்றுவிட்டன. உச்சி வெயில். கீழே தாமிரபரணியில் யாரோ எருமை குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். பட்டாணி. அது இப்போது என்னோடு பாலத்தில் நிற்கிறது. காலையில் என் பயம் தலை முழுக்க இருந்தது, அக்கா முழுக்க, கல்லூரி முழுக்க, வானம் முழுக்க. இப்போது இடது காதுக்கு மேலே ஓர் இடத்தில் இருக்கிறது. குறையவில்லை. ஓரிடத்தில் அடைத்துவிட்டதால் அதிகமாகத் துடிக்கிறது. திறந்து வைத்த தலையோடு நான் பேச வேண்டும், ஒரு சொல் நின்றால் ஒரு கத்தி நிற்கும். நிற்காமல் போனால்?

"கேளுங்க," என்றேன்.

"என்ன?"

"நான் பாடம் சொல்லுதேன். நீங்க கேளுங்க. பேசிப் பழகணும்லா."

ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி. "சொல்லு."

"ஒரு பெட்டி இருக்கு. உள்ள இருக்கிற எல்லாத்தையும் எடுத்துட்டோம். காத்தை எடுத்துட்டோம், சூட்டை எடுத்துட்டோம், வெளிச்சத்தை எடுத்துட்டோம். இப்ப உள்ள என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லை."

"இருக்கு. ஒண்ணும் இல்லைன்னா அது சுத்தமா அசையாம இருக்கணும். சுத்தமா அசையாம இருக்க இயற்கை விடாது. அதனால அதுக்குள்ள எப்பவும் ஒரு..."

வரவில்லை. முன்னால் லாரி நகர்ந்தது, பின்னால் ஹாரன் அடித்தார்கள், ஒருவன் ஜன்னலில் தலையை நீட்டித் திட்டினான். அவர் வண்டியை எடுக்கவில்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சொல் அவருக்குத் தெரிந்திருக்கும், அவர் முகத்தில் தெரிந்தது, ஆனால் சொல்லவில்லை. நான் தேடினேன். அது இருந்த இடத்தில் வெள்ளையாக ஒன்றும் இல்லாமல் இருந்தது. கையைத் தூக்கி, ஐந்து விரலையும் விரித்து, அவர் கண்ணுக்கு முன்னால் லேசாக ஆட்டிக் காட்டினேன்.

"இது இருக்கும்," என்றேன். "எதை எடுத்தாலும் இது போகாது. வண்டியை எடுங்க. அடுத்ததைச் சொல்லுதேன்."